தலை மட்டும் போதும்

காலை ஒன்பதரைக்குள் பூமிநாதனின் தலை பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். உடம்பு வேண்டாம், தலை மட்டும் போதும். ஆனால் அந்தத் தலையோ குன்றக்குடிக்குப் பக்கத்தில் நெடுங்கண்மாயில், ஒரு தட்டு இடியாப்பத்துக்கு முன்னால் நிம்மதியாகக் குனிந்திருந்தது.

"தம்பி, ஒங்க போனு மொகத்தக் கேக்குது" என்றார் பெரியகருப்பன், பெங்களூரிலிருந்து.

"எந்த மொகத்தண்ணே?"

"ஒங்க மொகத்தத்தான். வட்டமா ஒரு கோடு போட்டு, இதுக்குள்ள மொகத்தக் காட்டுங்குது. நான் காட்டிப் பாத்தேன். ஒத்துக்கிடல."

"நீங்க ஏண்ணே காட்டுனீக?"

"ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஒதவட்டுமேன்னுதான்."

பூமிநாதன் இடியாப்பத்தை அப்படியே விட்டுவிட்டு, கைகழுவக்கூட மறந்து எழுந்தான்.

அவன் வேலை பார்ப்பது அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் ஒரு பெங்களூர் கம்பெனியில். நோயாளி அமெரிக்காவில் இருக்கிறார், டாக்டர் அமெரிக்காவில் இருக்கிறார், பில் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. இதைச் சரிபார்க்கிறவன் மட்டும் ஏன் பெங்களூரில் உட்கார வேண்டும் என்பது அவனுக்கு விளங்கியதே இல்லை. நடுவில் சில வருஷம் கம்பெனிக்கும் விளங்காமல் இருந்ததால் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டிருந்தார்கள். பிறகு திடீரென்று விளங்கிவிட்டது. எல்லோரும் ஆபீசுக்கு வந்தே தீரவேண்டும், வராதவர்கள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று மேனேஜர் காளிதாஸ் உத்தரவு போட்டார்.

பூமிநாதன் ஒழுங்கான பிள்ளையாகத்தான் கிளம்பிப் போனான். மனைவி யோகலட்சுமிக்கு சிங்கம்புணரியில் அரசுப் பள்ளி டீச்சர் வேலை. அதை விட்டுவிட்டுக் கூடவே போக முடியாது. மகள் சௌபர்ணிகா அப்போதுதான் பேசப் பழகியிருந்த குழந்தை. தினமும் போனில் முகத்தைக் காட்டிக் கொஞ்சினான். ஆனால் உள்ளங்கை அளவில் இருந்த அப்பா, பொங்கலுக்கு முழு ஆளாக வாசலில் வந்து நின்றதும் குழந்தை அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது.

"இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்றது.

அன்று அவன் சாப்பிடவில்லை. மறுபடி பெங்களூருக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தது அன்றைக்குத்தான். வேலையையும் விடுவதாக இல்லை. யோகலட்சுமியின் சம்பளத்தை மட்டும் வைத்துக் குடும்பம் ஓடாது. காரைக்குடிப் பக்கம் அமெரிக்க பில்லைச் சரிபார்க்கச் சொல்லி யாரும் அழைக்கப் போவதுமில்லை.

வழி இருந்தது. கம்பெனி ஆளுக்கொரு போன் கொடுத்திருந்தது. அந்தப் போன் ஆபீஸ் கட்டடத்துக்குள் இருந்தால் ஆளும் இருப்பதாகக் கணக்கு. மேனேஜரின் கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம். அதில் ஆளுக்கொரு புள்ளி. புள்ளி ஆபீசுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டீக்கடை வைத்திருந்தவர் பெரியகருப்பன், பூமிநாதனுக்குச் சொந்த ஊர்க்காரர், மேலத்தெரு. போனை அவரிடம் ஒப்படைத்துவிட்டு இவன் ஊர் திரும்பினான். வீடியோ கூட்டங்களில் எல்லோருக்கும் பின்னால் கம்பெனி சின்னம் போட்ட படம்தான் தெரிய வேண்டும் என்று காளிதாஸே சட்டம் போட்டிருந்ததால், பின்னால் அடுக்கியிருந்த நெல்மூட்டையும் தப்பித்தது. அந்தச் சட்டத்துக்காக அவன் காளிதாஸை மனதாரக் கும்பிட்டான்.

இப்போது அந்தப் போனில் வருகை எடுக்கும் ஆப் புத்திசாலியாகிவிட்டது. போன் வந்தால் மட்டும் போதாதாம், முகமும் வரவேண்டுமாம்.

பூமிநாதன் அவசரமாகத் தன்னை ஒரு படம் எடுத்து, பெரியகருப்பனின் சொந்தப் போனுக்கு அனுப்பி, அதை கம்பெனிப் போனிடம் காட்டச் சொன்னான். 'உயிருள்ள முகத்தைக் காட்டவும்' என்று கம்பெனிப் போன் கோபித்துக்கொண்டது. அன்றைக்கு அவனுக்கு ஆப்சென்ட்.

சாயங்காலமே காரைக்குடிக்கு வண்டியை விட்டான். அங்கே டிஜிட்டல் பேனர் கடை வைத்திருந்தவன் மைத்துனன் அருள்பாண்டி. சௌபர்ணிகாவின் காதணி விழாவுக்கு ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் வைத்தவன் அவன்தான். அதில் பூமிநாதனின் முகம் ஒரு கதவு அகலத்துக்குச் சிரித்தது. பெற்ற தாயே யாரென்று கேட்டார்.

"என் மொகத்த மட்டும், அசல் அளவுல ஒண்ணு அடிச்சுக் குடு" என்றான்.

"வெறும் மொகமா? என்ன அத்தான் விசேசம்? பின்னாடி ஒரு சிங்கமாச்சும் போட்டுர்றேன்."

"சிங்கமெல்லாம் வேணாம்டா, ஆபீஸ் விசயம்."

"அப்ப ஓரமா ரெண்டு புறா?"

புறாவையும் தடுத்தாயிற்று. ஆனால் முகத்தைத் தொடாமல் விட அருள்பாண்டிக்குத் தொழில் தர்மம் இடம் கொடுக்கவில்லை. கழுத்துக்குக் கீழே கொஞ்சம் சட்டையையும் சேர்த்தான். நிறத்தைக் கூட்டினான். முன் நெற்றியில் காலியாகக் கிடந்த இடத்தில் முடி நட்டான். சிரிப்பைக் காதுவரை இழுத்துவிட்டான். சுருட்டிய ஃப்ளெக்ஸ் பெங்களூர் பஸ்ஸில் ஏறிப் போயிற்று. மறுநாள் காலை பெரியகருப்பன் அதை டீக்கடைச் சுவரில் மாட்டிப் போனைக் காட்ட, உயிருள்ள முகம் என்று ஆப் ஒத்துக்கொண்டது. பச்சை விளக்குப் போட்டு, 'இன்றைய நாள் இனிதாகட்டும்' என்று வாழ்த்தவும் செய்தது.

"உயிரோட இருக்கிற ஒங்கள விட அதுக்கு ஃப்ளெக்ஸத்தான் புடிச்சிருக்கு" என்றாள் யோகலட்சுமி.

இனிதாகத்தான் போயிற்று, மனிதவளப் பிரிவிலிருந்து கிருஷ்ணப்ரியா கூப்பிடும் வரை.

"பூமிநாதன், தப்பா நெனைக்காதீங்க. ஆப்ல பார்த்தேன், இந்த வாரம் முழுக்க ஒரே சட்டையில வர்றீங்க. வீட்ல எதுவும் பிரச்சினையா? மனசு விட்டுப் பேசணும்னா நம்ம கம்பெனியில ஆள் இருக்காங்க."

"பிரச்சினை ஒண்ணுமில்ல மேடம். அது... ராசியான சட்டை."

"ராசியான சட்டையா இருந்தாலும் துவைக்கணும்ல?"

மறுபடி அருள்பாண்டி. வாரத்துக்கு ஆகிற மாதிரி விதவிதமான சட்டைகளில் ஃப்ளெக்ஸ் அடித்தான். வெள்ளிக்கிழமைக்குப் பட்டுச்சட்டை, நெற்றியில் சந்தனம்.

"ஒங்க கை ராசி அத்தான்" என்று அவன் பூரித்துப்போனான். "ஒங்களுக்கு அடிச்சதுலருந்து பெங்களூர் ஆர்டரா வந்து குமியுது. இன்னொரு மெசினு எடுக்கலாம்னு இருக்கேன்."

"நல்லா இருடா" என்று வாழ்த்திவிட்டு பூமிநாதன் வீடு வந்தான். தன் தலை போகிற கவலையில் இருப்பவனுக்கு மைத்துனன் மெஷின் வாங்குவதையா ஆராயத் தோன்றும்?

சட்டை மாறியது. சிரிப்பு மாறவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

காளிதாஸே கூப்பிட்டார். அவர் கூப்பிட்டால் பூமிநாதன் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவான், கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு.

"பூமிநாதன், ஆபீஸ்ங்கறது கோயில். அங்க வர்றவன் மொகத்துல ஒரு பக்தி வேணும். மத்தவங்கள்லாம் காலையில மொகத்த உர்ர்னு வச்சிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் தெனமும் சிரிச்சுக்கிட்டே வர்றீங்க. சந்தனம் வேற. பார்த்தேன்."

"சார், அது..."

"அதனால அந்த மாடிக்கு உங்களையே பொறுப்பாளரா போடறேன். யார் யார் சீட்ல இருக்காங்க, யார் சுத்திட்டு இருக்காங்கன்னு தெனமும் சாயங்காலம் எனக்கு ரிப்போர்ட் வரணும்."

"எனக்கு அவ்வளவு அனுபவம் இல்ல சார்."

"ஆபீசுக்கு ஒழுங்கா வர்ற அனுபவம் உங்களை விட்டா யாருக்கு இருக்கு?"

போன் வைக்கப்பட்டது. நெடுங்கண்மாயில் கைலியோடு நிற்கும் ஒருவன், பெங்களூரில் யாரெல்லாம் ஒழுங்காக வேலைக்கு வருகிறார்கள் என்று கண்காணிக்கும் அதிகாரியானான். யோகலட்சுமி சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தது.

வேறு வழியில்லாமல் பெரியகருப்பனைப் பிடித்தான்.

"அண்ணே, மாடியில எல்லாரும் வந்திருக்காகளான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லணுமே."

"அதுக்கு என்னத்துக்குத் தம்பி மேல போயிப் பாக்கணும்? எனக்குத் தெரியாதா? அம்புட்டுப் பேரும் வந்தாச்சு."

"எந்திரிச்சு வெளிய சுத்துறவுக யாரும்?"

"வச்ச எடத்துல அப்படியே இருக்காக தம்பி. சத்தமே இல்ல."

அப்படியே ரிப்போர்ட் எழுதினான். தினமும் முழு வருகை. எழுதும்போதெல்லாம் அவனுக்கு மனசு குறுகியது. அத்தனை பேரும் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு, அந்த நெரிசலில் இடிபட்டு ஆபீஸ் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தான் ஒருத்தன்தான் ஃப்ளெக்ஸை அனுப்பிவிட்டு இடியாப்பம் தின்கிறோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளி விட்டு வந்த சௌபர்ணிகா, "அப்பா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது வெட்கம் போன இடம் தெரியாது.

பங்குனி பிறந்தது. ஊரில் அம்மன் கோயில் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டு. பூசாரி அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அந்த நேரத்தில் ஊருக்குள் இருக்கிறவர்கள் யாரும் பூக்குழி என்கிற தீமிதி முடிகிறவரை வெளியூரில் போய்த் தங்கக்கூடாது. போகிறவர்கள் முன்னாலேயே போய்விட வேண்டும். மீறுவது தெய்வக் குத்தம். கலெக்டரே ஆனாலும் அப்போது நெடுங்கண்மாயில் இருந்தால் இதுதான் சட்டம்.

அன்று காலையில், ஞாயிறு என்றும் பாராமல், காளிதாஸ் கூப்பிட்டார்.

"பூமிநாதன், செவ்வாய்க்கிழமை காலையில பெரிய முதலாளி அமெரிக்காவுலருந்து நேரா நம்ம ஆபீசுக்கு வர்றார். எல்லாரும் ஒழுங்கா வர்றாங்களான்னு கண்ணால பார்க்கணுமாம். நீங்கதான் வாசல்ல நின்னு மாலை போட்டு வரவேற்கணும்."

பூமிநாதன் கைலியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டான். "நானா சார்? நீங்க இருக்கும்போது நான் எப்படி..."

"எனக்கு அன்னிக்கு வெளிய ஒரு முக்கியமான மீட்டிங். உங்களை நம்பித்தான் விடறேன். நீங்க இல்லைன்னா அப்புறம் யாருக்குமே அங்க வேலை இல்ல, புரியுதா?"

புரிந்தது. காப்புக் கட்டுவதற்குள் ஓடிப்போய் பஸ் ஏறினால் பிழைக்கலாம். ஆனால் இந்த முறை மகள் முளைப்பாரி தூக்குகிறாள், பாவாடைகூடத் தைத்தாயிற்று. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். செவ்வாய்க்கிழமை பெரியகருப்பனுக்கு நல்ல பேண்ட் சட்டை போட்டுவிட்டு, 'பூமிநாதனுக்குத் திடீர்னு வயித்தால போகுது, ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காரு' என்று சொல்லி மாலை போடச் சொல்லிவிடலாம். போனும் கடையில் இருக்கும், புள்ளியும் இருக்கும். ஆஸ்பத்திரி பில்லைக்கூட அவனே தயார் செய்துவிடுவான், தொழில் அதுதானே.

பெரியகருப்பனைக் கூப்பிட்டான். கிடைக்கவில்லை. மத்தியானம் கூப்பிட்டான். கிடைக்கவில்லை. ராத்திரி பேசிக்கொள்ளலாம் என்று குளித்து, வேட்டி கட்டி, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனான். கொட்டு முழங்கியது. அம்மனுக்குக் காப்புக் கட்டியானது. பூசாரி கூட்டத்துக்குள் வந்து ஒவ்வொரு கையாக மஞ்சள் கயிறு கட்டினார். இவன் கையை நீட்டினான். பக்கத்தில் நீண்டிருந்த கையைப் பார்த்தான். கையிலிருந்து மேலே பார்த்தான்.

பெரியகருப்பன்.

"என்ன தம்பி, சௌக்கியமா? பாப்பா நல்லா வளந்திருச்சே."

"அண்ணே, நீங்க இங்குட்டு எப்படி வந்தீக?"

"நல்லாக் கேட்டீக போங்க. ஆத்தாளுக்குக் காப்புக் கட்டுறப்ப நான் அங்குட்டு டீ ஆத்திக்கிட்டு இருப்பனா? எந்த வருசம் வராம இருந்தேன்?"

அது சரிதான். எந்த வருஷமும் வராமல் இருந்ததில்லை. நெடுங்கண்மாய்க்காரன் எந்த மூலையில் இருந்தாலும் காப்புக்கு வந்து நிற்பான் என்பது பூமிநாதனுக்கும் தெரியும். தெரிந்தே தன் பிழைப்பைக் கொண்டுபோய் ஒரு நெடுங்கண்மாய்க்காரரிடம் கொடுத்திருந்தான்.

"அப்ப என் போனு?"

"கடையப் பூட்டிட்டு வர்றப்ப அடுத்தவுக பொருள அநாதையாப் போட்டுட்டு வருவனா? பத்திரமாக் கையோட கொண்டாந்துட்டேன். ஒங்க ஃப்ளெக்ஸுந்தான்" என்றார் பெருமையாக. பூசாரி அவர் கையில் முடிச்சை இறுக்கினார்.

மேனேஜரின் வரைபடத்தில் இந்த நிமிஷம் தன் புள்ளி நெடுங்கண்மாய் அம்மன் கோயிலில் நிற்கிறது. வயித்தால போகுது என்று அங்கே சொல்வதற்கும் இனி ஆளில்லை.

மறுநாள் விடிந்ததும் பையில் துணியை அடைத்தான்.

"காப்பு கட்டின கையோட எங்க கெளம்பிட்டீக?" என்றாள் யோகலட்சுமி.

"நான் போகலைன்னா வேலை போயிரும் யோகா."

"போனா தெய்வக் குத்தம். ஊர்ல என்னா பேசுவாகன்னு தெரியும்ல? நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா என்ன செய்வீக?"

"அம்மனுக்கு வெளக்கிச் சொல்லிக்கலாம். காளிதாஸுக்கு வெளக்க முடியாது."

சௌபர்ணிகா எழுந்து வந்து பையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க திரும்பவும் மாமாவாகப் போறீகளா?"

யோகலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூமிநாதன் பையைக் கீழே வைத்துவிட்டான். கண் கலங்கியது, மறைக்கவும் இல்லை. வேலை போனால் போகட்டும். எத்தனை நாளைக்குத்தான் தலையை ஒரு ஊரிலும் உடம்பை ஒரு ஊரிலும் வைத்துப் பிழைப்பது? பெரியகருப்பனிடமிருந்து கம்பெனிப் போனை வாங்கி, அதிலேயே காளிதாஸைக் கூப்பிட்டு, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டு, ராஜினாமாவையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். முடிவு செய்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு நிமிர்ந்து மேலத்தெருவுக்கு நடந்தான்.

பெரியகருப்பன் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் கொடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, போனக் குடுங்க. மேனேஜர்கிட்ட உண்மையச் சொல்லிட்டு வேலைய விட்டுறப்போறேன்."

"அட, கொஞ்சம் பொறுங்க தம்பி. ஒம்பதரையாகப் போகுது. வேலை நேரத்துல பேச்சுக் குடுக்காதீக."

உள்ளே போய் ஒரு பெரிய கட்டைப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். அக்குளில் ஒரு கட்டு ஃப்ளெக்ஸ். பையைக் கீழே வைத்த நேரம் பார்த்து அது அலறியது. ஒரு போன் அல்ல. பை முழுக்க, ஒரே மெட்டில், ஒரே குரலில், 'முகத்தைக் காட்டவும், முகத்தைக் காட்டவும்' என்று கத்தியது. மரத்தடியில் படுத்திருந்த பசு மிரண்டு எழுந்தது.

"அண்ணே, இதெல்லாம் யாரு போனு?"

"எல்லாம் ஒங்க ஆபீஸ் ஆளுகதான். ஒருத்தர் விசயத்த இன்னொருத்தர்ட்ட சொல்றது தொழிலுக்கு நல்லதில்லைன்னு ஒங்ககிட்ட இம்புட்டு நாளா சொல்லல."

பேசிக்கொண்டே அவர் ஃப்ளெக்ஸ்களைப் பிரித்துக் கொடியில் க்ளிப் போட்டு வரிசையாக மாட்டினார். பக்கத்து சீட் அழகுராஜா, தலைநிறைய முடியோடு. எதிர் சீட் முத்தரசு, தோளில் ஒரு புறாவோடு. ராசியான சட்டையைத் துவைக்கச் சொன்ன கிருஷ்ணப்ரியா மேடம், காதுவரை சிரிப்போடு. பெரியகருப்பன் பழகிய கையால் போன்களை ஒவ்வொரு முகத்துக்கும் காட்டிக்கொண்டே போக, பச்சை விளக்குகள் எரிந்தன. கம்பெனி மொத்தமும் பெரியகருப்பன் வீட்டுக் கொல்லையில், பசுவுக்கு முன்னால், காற்றில் ஆடிக்கொண்டு ஆபீசுக்கு வந்திருந்தது.

பூமிநாதன் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டான். "காளிதாஸ் சாருக்கு மட்டும் இது தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தான்.

பெரியகருப்பன் கடைசி ஃப்ளெக்ஸை எடுத்தார். அது மற்றவற்றைவிடப் பெரியது, முகத்துக்குப் பின்னால் ஒரு சிங்கமும் இருந்தது. அதை உதறிக் கொடியில் மாட்டி, வாயிலிருந்த க்ளிப்பை எடுத்துப் போட்டுவிட்டு அவர் சொன்னார்:

"மொத மொதல்ல நம்மகிட்டப் போனக் குடுத்ததே இவருதான தம்பி, நீங்க வெசனப்படாதீக, காப்புக் கட்டுறப்ப காளிதாஸ் சாரும் கீழத்தெருவுல அவுக சொந்தக்காரக வீட்டுக்கு வந்து நம்ம ஊருக்குள்ளதான் இருந்தாரு, பூக்குழி முடியாம அவராலயும் ஆபீசுக்குப் போகமுடியாது."